காக்ஸ் டவுனில் மட்டும் நின்ற வண்டி

இன்று காலை நானும் என் வீட்டு மகாராணியும் ஆடுகோடி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அறுபத்து நாலாம் வருஷம் வாங்கிய என் மோட்டார் சைக்கிளுக்குப் பிளக்குக்குத் தீப்பொறி தரும் பழைய பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டார் மெக்கானிக் பாய்.

"இனிமே ஒரே கிக்ல எழுந்துக்கும் சார்."

மகாராணி நம்பவில்லை. "நல்லா பாத்துடுங்க பாய். இது அன்னிலேருந்தே மக்கர். கல்யாணத்துக்கு முன்ன, காக்ஸ் டவுன்ல எங்க வீட்டு வாசலுக்கு வந்தா நின்னுடும். இவரு பிளக்கக் கழட்டி தேச்சுக்கினு உக்காந்திருப்பாரு. நான்தான் தண்ணி குடுப்பேன்."

"வேற எங்கனா நிக்குமாம்மா?"

"இல்ல. அங்க மட்டும்தான்."

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அது பாயிண்ட்டு தகராறு இல்லம்மா. சாரு தெரு முனையிலயே பெட்ரோல் டேப்ப மூடிட்டு வந்திருக்காரு. மிச்ச பெட்ரோலு உங்க வாசல் வரைக்கும்தான் தாங்கும்."

அறுபது வருடம் காப்பாற்றிய ரகசியம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது.

அவள் சிரிக்கக்கூட இல்லை. "தெரியும் பாய். மாடி ஜன்னல்லேருந்து பாப்பேன். இவரு குனிஞ்சு மூடுவாரு, நான் போய் பவுடர் போட்டுக்குவேன்."

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. திரும்பும்போது காக்ஸ் டவுன் வழியாக வந்தேன். அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட். அந்தத் தெரு முனையில் முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

"மூடிக்குங்க. நான் பாக்கல."

குனிந்து மூடினேன். வண்டி அபார்ட்மெண்ட் வாசலில் சரியாக நின்றது. வாட்ச்மேன் ஓடி வந்து, "வண்டி மக்கரா தாத்தா?" என்றார். ஆமாம் என்றேன்.

உங்கள் வண்டி யார் வீட்டு வாசலில் நின்றது? உண்மையை எழுதுங்கள். உங்கள் வீட்டம்மாவும் படிப்பார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.