பார்க்காத திமிங்கலம்

படகு கிளம்பிய கால் மணி நேரத்தில் எனக்கு வாந்தி தொடங்குகிறது. கல்யாணமாகி ஒன்பதே நாளான என் கணவர் ஒரு கையால் என் தலைமுடியைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார், மறுகையால் முதுகைத் தடவுகிறார். திடீரென்று எல்லோரும் கத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள். திமிங்கலம்! ஊட்டி வேண்டாம், அந்தமான்தான் என்று அவர் பிடிவாதம் பிடித்ததே அதைப் பார்க்கத்தான்.

“நீங்க போய்ப் பாருங்க” என்கிறேன்.

“முதல்ல வாயைக் கொப்பளி” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் எழுந்திருக்கும்போது கடல் வெறுமையாகக் கிடக்கிறது.

மாலையில் கடலோரமாகவே காரில் போகிறோம். சௌல்தாரி கிராமத்தின் பாக்குத் தோப்புகள் வந்ததும் டிரைவர் யூசுப் கேட்கிறார். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர்; பேச்சில் இந்தி கலந்து வரும், என் கணவரை அண்ணன் என்ற பொருளில் ‘பாய்’ என்றும் என்னை அண்ணி என்ற பொருளில் ‘பாபி’ என்றும்தான் கூப்பிடுவார்.

“திமிங்கலம் தெரிஞ்சுச்சா பாய்? இங்க அது எப்பவாச்சும்தான் வரும். நசீப் வேணும், நல்ல அதிர்ஷ்டம் வேணும்.”

நான் தலைகுனிகிறேன்.

“பார்த்தோமே!” என்கிறார் கணவர். “ரெண்டு பேரும் பார்த்தோம். எவ்ளோ பெருசு!”

“அரே வாஹ்! பாபிக்குப் பயமா இல்லையா?”

“அவளா? அவதான் முதல்ல பார்த்தா.”

அவர் சொல்லி நான் கேட்கும் முதல் பொய் இது. சீட்டில் கிடக்கும் அவர் கையை, முதல்முறையாக நானாகவே பிடித்துக்கொள்கிறேன்.