அட்டைப்படத்து நண்டுக்காரி

பெரியகல்லாற்றுப் பாலத்தடியில் நண்டு விற்கும் இலட்சுமிப்பிள்ளைக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. நண்டைத் தூக்கிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, மூக்கைச் சுளித்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவர்களே உலகத்தில் அதிகமாக இருப்பது அவளுடைய பிழையல்ல.

வயது ஐம்பத்தாறு. விடிந்ததும் ஆற்றிலிருந்து வரும் தோணிகளைப் பார்த்து நண்டும் மீனும் எடுப்பாள். நண்டின் கால்களை நாரால் கட்டி, ஈரச்சாக்கு விரித்து, பிரதான வீதியோரம் அமர்ந்தாளென்றால் பகல் திரும்பும் முன் சாக்கு காலியாகிவிடும். எட்டாம் வகுப்புவரை படித்தவள். மகள் தனுஷியாவைப் பட்டதாரியாக்கி, பிரதேச செயலகத்தில் உத்தியோகமும் பார்க்க வைத்துவிட்டாள்.

புருஷன் சாமித்தம்பி என்று ஒருவன் இருந்தான். பதினான்கு வருடங்களுக்கு முன் இறால் பிடிக்கிறேன் என்று வடக்கே பனிச்சங்கேணிக்குப் போனவன், அங்கே இன்னொருத்தியோடு குடியிருக்கிறான் என்று செய்தி வந்தது. இலட்சுமிப்பிள்ளை ஒப்பாரி வைக்கவில்லை. அவன் உடுத்தும் சாரங்களையும் வலையையும் ஒரு சாக்கில் கட்டி, அந்தப் பக்கம் போன ஐஸ் லொறியில் ஏற்றி அனுப்பினாள். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. முடிந்தது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலை, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் காரை நிறுத்தி இறங்கினார். பெயர் வினாயகமூர்த்தி. வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மறுநாளே தனக்கு வாவிப்பித்தன் என்று பெயர் வைத்துக்கொண்டு கவிஞரானவர். மூக்கில் கைலேஞ்சியைப் பிடித்தபடியே அரைமணிநேரம் நின்று கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், எத்தனை பிள்ளை, புருஷன் எங்கே.

"ஆத்தோட போயித்தான்" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. தொல்லையை முடிக்கச் சொன்ன வார்த்தை அது.

மனிதரின் கண் கலங்கிவிட்டது. கைபேசியில் நாலைந்து படம் எடுத்தார். கும்பிட்டார். ஒரு நண்டுகூட வாங்காமல் காரில் ஏறிப் போனார். அவர் போன திக்கைப் பார்த்து அவள் காறித் துப்பியதை அந்தப் படங்களில் காண முடியாது.

இந்த வருடம் பங்குனி மாதத்தில் வாடிக்கைக்காரர்களின் போக்கு மாறியது. களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த ஒரு ரீச்சர், நண்டை விட்டுவிட்டு இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தளரவிடாதீங்க அம்மா" என்றாள். வெளியூர்க்காரி ஒருத்தி அழுதே விட்டாள். அன்று பின்னேரம் வேலையால் வந்த தனுஷியா கைபேசியை நீட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. அதில் ஒரு விளம்பரம். நீர்ப்பூ வெளியீட்டகம் பெருமையுடன் வழங்கும், கவிஞர் வாவிப்பித்தனின் 'வாவிக்கரை விளக்குக்காரி'. மட்டக்களப்பெங்கும் தொடர் வாசிப்பு நிகழ்வுகள். நடுவில் இலட்சுமிப்பிள்ளையின் முகம். கறுப்பு வெள்ளையாக்கி, சுருக்கமெல்லாம் இருமடங்காக்கி, கண்ணோரத்தில் இல்லாத ஒரு துளியையும் சேர்த்திருந்தார்கள்.

"அம்மா, நீங்க அழுதிரிக்கீங்க" என்றாள் தனுஷியா, சிரிப்பை அடக்க முடியாமல்.

"வெங்காயம் விக்கிறவள் எண்டு நினைச்சித்தான் போல."

நீர்ப்பூ வெளியீட்டகம் என்றால் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைக்கக்கூடாது. அது தனோஜன் என்ற ஒரு ரியூஷன் மாஸ்டரும் அவனுடைய மோட்டார்சைக்கிளும்தான். எழுதியவருடைய செலவில் முந்நூறு பிரதி அடித்து, எழுதியவருடைய சொந்தக்காரருக்கே விற்றுத் தரும் தொழில். மூன்றாம் நாள் அவனே வந்து நின்றான். கையில் பொன்னிற எழுத்தில் அழைப்பிதழ்.

"அம்மா, வாற ஞாயிற்றுக்கிழம களுவாஞ்சிக்குடியில முதல் வாசிப்பு. நீங்கதான் மங்கள விளக்கு ஏத்தோணும்."

"என்னக் கேக்காம என்ட மூஞ்சியப் போட்டது ஆரு?"

"அது கவிதைக்குக் குடுத்த மரியாதை அம்மா. பிறகு... ஒரு வெள்ளச் சீல உடுத்தித்து வந்தா நல்லாயிரிக்கும். கவிதையில அப்பிடித்தான் வருது."

அவள் அவனை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள். செத்த நண்டை உயிர் நண்டோடு கலந்து தள்ளப் பார்க்கிற தோணிக்காரர்களைப் பார்க்கும் பார்வை.

"அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் தா, பாப்பம்."

"விழாவில தருவம் அம்மா."

"அப்ப வாறன்" என்றாள். அவன் மகிழ்ந்து போனான். மகிழ்ந்திருக்கத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சிவப்புச் சீலை உடுத்திக்கொண்டு போனாள். மண்டபத்தில் நூற்றிருபது கதிரைகள். முப்பத்தொரு பேர். அதில் எட்டுப் பேர் மேடையில். மிச்சத்தில் பாதி கவிஞரின் சம்பந்தி வீட்டார். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை என்று ஒவ்வொருவராக எழும்பி, முன்னால் பேசியவர் நேரத்தைத் தின்றுவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சத்தைத் தின்றார்கள். எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவருக்கு வேறொருவர் போர்த்தினார். மின்விசிறி ஓடாத அந்த மண்டபத்தில் இத்தனை துணியைச் சுற்றிக்கொண்டு இருக்கிறார்களே, வியர்க்காதா என்று இலட்சுமிப்பிள்ளை யோசித்தாள். புத்தகத்தைப் படித்ததாகச் சொன்னவர்கள் மூவர். மூவரும் முன்னுரையில் இருந்ததையே சொன்னார்கள்.

பிறகு கவிஞர் எழுந்து வாசித்தார். குரலில் ஒரு நடுக்கம் வைத்திருந்தார். கவிதையில் வந்த பெண், நிலாக்காலத்தில் கொழுத்த நண்டு பிடித்தாள். நிலாக்காலத்து நண்டில் சதை இராது, வெறும் தண்ணீர் என்பது ஆற்றங்கரையில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெண் ஒவ்வொரு மாலையும் கையில் அகல்விளக்கோடு கரையில் நின்று, தண்ணீர் கொண்டுபோன கணவனைக் கூப்பிட்டாள். கல்லாற்றுக் காற்றுக்கு அகல்விளக்கு எத்தனை நேரம் நிற்கும் என்று ஒருவருமே கேட்கவில்லை. ஒரு நயவுரைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடுவே ஒரேயொரு வரி வந்தது. நண்டு கடித்த தழும்புகளை எண்ண அவளுக்கு நேரமிருந்ததில்லை என்று. இலட்சுமிப்பிள்ளை தன் கையைப் பார்த்தாள். வலது பெருவிரலடியில் மட்டும் ஏழு இருந்தன. அத்தனை பொய்க்கு நடுவில் இந்த மனிதர் தன் கையை மட்டும் சரியாகப் பார்த்திருக்கிறார் என்பது அவளுக்கு மிச்சப் பொய்யைவிட எரிச்சலாக இருந்தது.

"இப்போது கவிதையின் நாயகியே நம்முன் பேசுவார்" என்றான் தனோஜன்.

அவள் ஒலிவாங்கியை நண்டைப் பிடிப்பதுபோல் பின்பக்கமாகப் பிடித்தாள்.

"என்ட புருஷன ஆறு கொண்டுபோகல்ல. ஆத்துக்கு அவ்வளவு கஷ்டகாலம் வரல்ல. அவன் பனிச்சங்கேணியில இரிக்கான். ரெண்டு புள்ளயும் இரிக்கி. நான் விளக்குப் பிடிக்கவுமில்ல, கூப்பிடவுமில்ல. அவன்ட வலையக் கட்டி அனுப்பினதே நான்தான்."

சபை சிரிப்பில் உடைந்தது. கவிஞர் மட்டும் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, கவிதையில வாற பெண் நீங்க இல்ல. அவ ஒரு குறியீடு" என்றார் பொறுமையாக, கடன் கேட்டு வந்தவனுக்கு விளங்கப்படுத்துகிற பழைய வங்கிக் குரலில்.

"குறியீட்டுக்கு என்னத்துக்கு சேர் என்ட மூஞ்சி?"

கைதட்டினார்கள். தனோஜனும் தட்டினான். ஒரு கையில் கைபேசியைப் பிடித்துப் படமெடுத்தபடியே தொடையில் தட்டினான். அவள் அதை அப்போது கவனிக்கவில்லை.

நாலு நாளில் அந்தக் காணொளியை ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டது. அடுத்த விளம்பரம் வந்தது: 'விளக்குக்காரியின் நாயகன் கிடைத்துவிட்டார்! பனிச்சங்கேணியில் இரண்டாம் வாசிப்பு.' கீழே மீண்டும் அதே முகம், அதே பொய்த்துளி.

தனுஷியா கொதித்தாள். "அம்மா, பொலிசில ஒரு முறைப்பாடு குடுப்பம்."

"பொலிசில போய் என்ன சொல்லுற? என்னப் பத்திக் கவிதை எழுதிப்போட்டாங்க எண்டா? சிரிப்பாங்க புள்ள."

வாசிப்பு நாளன்று அவள் சாக்கு விரிக்கவில்லை. முதல் பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய், வாகரை பஸ் பிடித்து, பனிச்சங்கேணியில் இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. கையில் வழக்கமான பை. அதற்குள் நண்டு ஓடு கழற்றும் வழக்கமான கத்தி.

இந்தத் தடவை கதிரை போதவில்லை. சண்டை பார்க்க வந்த கூட்டம். முன்வரிசையில் கழுத்தில் மாலையோடு சாமித்தம்பி. வயிறு வைத்திருந்தது, முடி போயிருந்தது. ஆனால் யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்துகிற அந்தப் பழைய பழக்கம் மட்டும் போகவில்லை. அவனுக்குப் பின்வரிசையில் அவனுடைய இப்போதைய மனைவி கண்ணகை. இலட்சுமிப்பிள்ளை அவளைக் காண்பது அதுதான் முதல் தடவை. மெலிந்த பெண். விரல்களெல்லாம் இறால் உரித்து வெடித்திருந்தன.

தனோஜன் சாமித்தம்பியைப் பேசக் கூப்பிட்டான்.

"இவ இப்பவும் எனக்காகக் காத்துக்கொண்டு இரிக்கா எண்டு சேர் எழுதியிரிக்கார்" என்றான் சாமித்தம்பி சபையைப் பார்த்து. "சேர் படிச்ச மனிசன். பொய் எழுதுவாரா? ஒரு பொம்புள பதினாலு வருஷம் காத்திரிக்கிறாள் எண்டா, அந்த ஆம்பிளையில என்னவோ இரிக்கத்தானே வேணும்."

சிலர் சிரித்தார்கள். கவிஞர் தலையை மெல்ல ஆட்டினார். தன் கவிதைக்குக் கிடைத்த உரைகளிலேயே இதுதான் அவருக்கு மனநிறைவைத் தந்ததுபோலிருந்தது.

கண்ணகை மட்டும் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் அவளைவிட்டுக் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார்கள். இன்னொருத்தியின் கண்ணீரில் குடித்தனம் நடத்துகிறவள் என்று அச்சடித்துக் காட்டியாயிற்றே. இலட்சுமிப்பிள்ளைக்கு அதுவரை எல்லாமே இளக்காரமாகத்தான் இருந்தது. அந்தக் குனிந்த தலையைக் கண்டபோது பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

அவள் மேடைக்குப் போகவில்லை. பக்கத்தில் விற்பனை மேசைக்குப் போனாள். மேசைக்கடியில் இரண்டு பெட்டி புத்தகம். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கத்தியை எடுத்து, முதல் புத்தகத்தின் அட்டையை முதுகோரமாக ஒரே இழுப்பில் அறுத்தாள். உள்ளே ஒரு தாள்கூடக் கிழியவில்லை. ஓடு கழற்றிப் பழகிய கை. அட்டையைப் பைக்குள் வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள்.

தனோஜன் பாய்ந்து வந்தான். "அம்மா! அச்சடிச்ச புத்தகம் அம்மா!"

"புத்தகத்த நான் தொடல்ல மனே. மேல ஒட்டின என்னத்தான் எடுத்தித்துப் போறன்."

"இது இலக்கியத்துக்குச் செய்யிற அநியாயம்" என்று கவிஞர் மேடையிலிருந்தே கூவினார். கீழே இறங்கி வரவில்லை. கத்தி கூரானது என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"தடுங்கடா!" என்றான் சாமித்தம்பி. அவனும் எழும்பவில்லை.

இருபது, இருபத்தைந்து அட்டை போயிருக்கும். மேசைக்கடியில் பெட்டி உராயும் சத்தம் கேட்டது. கண்ணகை குந்தியிருந்து இரண்டாவது பெட்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, முதுகுப்பக்கம் கத்திக்கு வாகாக வரும்படி திருப்பி நீட்டினாள். இலட்சுமிப்பிள்ளை வாங்கி அறுத்தாள். அப்படியே கடைசிப் புத்தகம்வரை போயிற்று. ஒலிவாங்கியில் யாரோ நன்றியுரை சொல்லிப் பார்த்தார்கள். கேட்க ஆளில்லை. கூட்டம் முழுதும் மேசையைச் சுற்றி நின்றது.

முடிந்ததும் கண்ணகை எழும்பிச் சீலையைத் தட்டிவிட்டு, "சோறு தின்னித்துப் போங்க அக்கா" என்றாள். சாமித்தம்பி மாலையோடு அந்தப் பக்கமே பார்க்காமல் நின்றான்.

"பஸ்ஸுக்கு நேரமாகுது புள்ள" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. ஆனாலும் கண்ணகை கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டே போனாள்.

வீட்டுக்கு வந்து அட்டைகளை அடுப்பில் திணித்தாள். பளபளப்புத் தாள் எரியவும் தெரியாமல் புகைந்து நாறியது. "எரியக்கூட உதவாது" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினாள்.

தனோஜன் பிறகு புதிய அட்டை ஒட்டினான். அதில் கவிஞரின் முகமே இருந்தது, கன்னத்தில் கைவைத்து வாவியைப் பார்த்தபடி. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் என்று கவிஞர் சொன்னாராம். மூன்றாம் வாசிப்புக்கு ஆள் வரவில்லை. ஏதோ ஒரு மன்றம் அவருக்குப் பட்டமொன்று கொடுத்தது. பொன்னாடையும் போர்த்தினார்கள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நண்டைக் குலுக்கிப் பார்க்கவில்லை. மூக்கைச் சுளிக்கவில்லை. நல்லதாய் ஆறு தரச் சொன்னாள். இலட்சுமிப்பிள்ளை கட்டித் தந்த பிறகும் நின்றாள்.

"நான் அவர்ட மனிசி, வதனி. அந்தக் கவிதை எழுதினவர்ட" என்றாள் தாழ்ந்த குரலில். "முப்பத்தஞ்சு வருஷம் சமைச்சிப் போட்டிரிக்கன் தங்கச்சி. என்னப் பத்தி அவர் ஒரு வரிகூட எழுதினதில்ல."

இலட்சுமிப்பிள்ளை அவளை நன்றாகப் பார்த்தாள். பரிகாசம் பண்ண வந்தவளில்லை. உண்மையிலேயே அந்தக் குறை அவளுக்கு இருந்தது.

"நீங்க தப்பிச்சித்தீங்க அக்கா" என்றாள்.

வதனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆட்டோக்காரன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான். இலட்சுமிப்பிள்ளை சாக்கைக் கிளறி, சினை வைத்த நண்டாக இன்னும் ஒன்றைத் தேடி எடுத்து அவளுடைய பையில் போட்டாள்.

"இது உங்களுக்கு. அவருக்கு வெக்க வேணாம்."