மாணவர் கரையை வெட்டிய நாள்

ஆண்டவருடைய அன்பில் என்னோடு பங்குள்ள சகோதர சகோதரிகளே,

சென்ற ஐப்பசியில், அடைமழையின் மூன்றாம் நாள் காலை, என் அக்கா மேரி படுத்திருந்த பாயின் ஓரத்தை மழைத்தண்ணீர் தொட்டது. அவள் பக்கத்தில் பிறந்து பதினொரு நாளான பிள்ளை. அவளுக்குக் காய்ச்சல். எங்கள் காலனியிலேயே தாழ்வான இடத்தில் இருப்பது எங்கள் குடிசை. மண்சுவர் அடியில் ஊறிக் கிடந்தது. விரலை வைத்தால் உள்ளே போயிற்று. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஜெபவீட்டுக்குள்ளும் தண்ணீர். மேடான இடம் ஊருக்குள்தான் இருந்தது. ஊருக்குள் எங்களுக்கு இடம் கொடுப்பவர் எவருமில்லை. அந்தத் தண்ணீரை வடியவிடாமல் அங்கே நிறுத்திவைத்தவர்களில் முதன்மையானவள் நான். அதைச் சொல்லவே இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

நான் உத்திரமேரூரில் மேல்நிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திருப்புலிவனத்துக்கு அப்பால் உள்ள எங்கள் காலனியிலிருந்து அந்த வகுப்புவரை சென்ற முதல் பெண். பேச்சாளர். எட்டாம் வகுப்பு முதல் நான் ஏறிய மேடைகளில் பெரும்பாலானவற்றில் வென்றுதான் இறங்கினேன். அடக்கத்திற்காக இதை மறைத்தால் அது பொய்யாகும். ஒரு பொருளை ஒட்டிப் பேசச் சொன்னாலும் பேசுவேன், வெட்டிப் பேசச் சொன்னாலும் பேசுவேன். சீட்டுக் குலுக்கிப் போட்டு எந்தப் பக்கம் வந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஞாயிறு ஆராதனையில் நான் ஜெபித்தால் போதகரே கண் திறந்து பார்ப்பார். அடுக்கடுக்காக வரும் சொற்களுக்காகவே சிலர் என்னை ஜெபிக்கச் சொல்வார்கள். நானும் ஆண்டவரை விளித்துவிட்டு, அவையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளியில் பாடத்துக்குப் புறம்பான செயல்கள் பல உண்டு. இலக்கிய மன்றம், விளையாட்டு, சாரணர், சமூக சேவை முகாம். எல்லாவற்றுக்கும் சான்றிதழ் உண்டு. அவற்றில் இலக்கிய மன்றம் ஒன்றையே நான் மதித்தேன். கபடிக்காரர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். அவர்கள் தலைவன் ஏகாம்பரம் எங்கள் காலனியை அடுத்த ஊர்ப் பையன், என் வகுப்புத் தோழன். ஒருமுறை மன்றக் கூட்டத்தில், "முழங்காலில் அறிவுள்ளவர்கள் முன்வரிசையில் அமர வேண்டாம்" என்று அவனைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

காலாண்டு விடுமுறையில் பத்து நாள் சேவை முகாம் எங்கள் ஊருக்கே வந்தது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாயைத் தூர்வாரி ஆழப்படுத்துவது வேலை. மாணவர் தலைவியாக என்னையே நியமித்தார்கள். கால்வாயின் ஒரு பக்கம் ஊராரின் நாற்றங்கால்; மறுபக்கம் எங்கள் காலனி. அள்ளிய மண்ணை நாற்றங்கால் பக்கம் கொட்டினால் நிலக்காரர் கோபிப்பார். அதனால் எல்லா மண்ணையும் காலனிப் பக்கமே கொட்டச் சொன்னார்கள். நான் கையேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அப்படியே நடத்தினேன்.

மூன்றாம் நாள் தலையில் புல்கட்டோடு ஒரு பெண்மணி வந்து நின்றாள். என் அம்மா.

"ஏம்மா, எல்லாத்தையும் இந்தாண்டயே கொட்றீங்கோ? நம்ம தெருத் தண்ணி பூரா இந்த வாயிலதான் எறங்குது. இத்த மூடிட்டா மழைக்கு எங்க போவும்?"

என் பக்கத்தில் காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் நின்றார்கள். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மையீர், பணி திட்டப்படியே நடைபெறுகிறது. தாங்கள் கவலையுற வேண்டாம்" என்றேன்.

"யாருடி அது?" என்று கேட்டாள் ஒரு தோழி.

"காலனியில் யாரோ."

அம்மா புல்கட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். வீட்டில் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் பதில் சொல்லி வென்றிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

நிறைவு விழாவில் நான்தான் நன்றியுரை. நெஞ்சளவு உயர்ந்து நின்ற அந்த மண்மேட்டுக்கு 'மாணவர் கரை' என்று பெயர் சூட்டினேன். குரலை உயர்த்தி, "இந்தக் கரையில் இனி மாணவர் கையன்றி வேறொரு கை படலாகாது!" என்றேன். கரைமேல் நாங்கள் வரிசையாக ஊன்றிய மரக்கன்றுகளை மனத்தில் வைத்துச் சொன்ன அலங்காரம் அது. ஊரே கைதட்டியது. அடுத்த வாரம் பெயர்ப்பலகை நட்டார்கள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. ஆழமான புதிய கால்வாயில் தண்ணீர் அழகாக ஓடிற்று. அதன் ஓரத்திலேயே எங்கள் தெருவின் தண்ணீர் இறங்க வாயில்லாமல் நின்றது, உயர்ந்தது. எங்கள் ஆண்கள் மண்வெட்டியைத் தொட அஞ்சினார்கள். முன்பொரு முறை மடையருகே மண்வெட்டியோடு நின்றதற்கே என் மாமாவை நீர் திருடியதாகக் காவல் நிலையத்துக்கு இழுத்தார்கள். அன்று அந்தக் காலையில் பாய் நனைந்ததும் நான் ஓடினேன்.

முதலில் ஏகாம்பரத்தின் தந்தையிடம். ஊர் சார்பில் ஏரி, கால்வாய்ப் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. வாசற்படியில் நின்று அவர் நிதானமாகக் கேட்டார்.

"நீதான மேடையில சொன்ன? மாணவர் கை தவிர வேற கை படக்கூடாதுன்னு? இப்ப உங்காளுங்க வெட்டணும்னா எப்டி? இன்னிக்கி வடிகாலுன்னு சொல்வீங்கோ, நாளைக்கி ஏரித் தண்ணிய திருப்பிக்குவீங்கோ."

"நானும் மாணவிதானே ஐயா? நானே வெட்டுகிறேன்."

"நீ ஒருத்தியே மாணவர்ங்களா? போயி பள்ளிக்கூடத்த கூட்டிகினு வா."

என் வாக்கியத்தாலேயே என் வாயை அடைத்தார். அதுவரை எவரும் என்னை அப்படி வென்றதில்லை.

பள்ளிக்கு நனைந்துகொண்டே சென்றேன். அன்று சனிக்கிழமை, வட்டார அளவிலான பேச்சுப் போட்டி. மழையிலும் நடுவர்கள் வாலாஜாபாத்திலிருந்து வந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் நான் சொன்னதைக் கேட்டார். "மனுவாக எழுதிக் கொடும்மா. திங்கட்கிழமை முகாம் அலுவலருக்கு அனுப்பலாம். இப்போது துண்டு வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு மேடைக்குப் போ. பள்ளியின் பெயர் உன் கையில்தான் இருக்கிறது" என்றார். தமிழாசிரியரிடம் சொன்னேன். "இந்த உணர்ச்சியை அப்படியே பேச்சில் கொண்டுவா" என்றார்.

தலைப்பு, 'மாணவர் தொண்டே நாட்டின் உயர்வு'.

அப்போது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மேடையிலேயே முறையிட்டால் யாராவது எழுந்து வரமாட்டார்களா? ஏறினேன். பதினொரு நாள் பிள்ளையைச் சொன்னேன். விரல் புகும் சுவரைச் சொன்னேன். கரையை நாங்களே எழுப்பினோம், நாங்களே உடைக்க வேண்டும், இப்போதே வாருங்கள் என்று கைகூப்பினேன். என் வாழ்நாளில் அதைவிட நன்றாக நான் பேசியதில்லை. மணி அடித்தது. இறங்கினேன். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். எவரும் எழவில்லை.

முதற்பரிசு எனக்கு. கோப்பையைக் கொடுத்த நடுவர், "தொண்டு தவறாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் குழந்தையை உவமையாக வைத்தாய் பார், அருமை" என்றார். "அது உவமை இல்லை ஐயா, என் அக்கா பிள்ளை" என்றேன். அவர் சிரித்து, அடுத்த மாணவனின் பெயரைப் படித்தார்.

அந்த நொடியில் எனக்குள் எழுந்த கோபத்தை உங்களிடம் மறைக்கமாட்டேன். அவர்கள்மேல் கோபம். பத்து நாள் மண் அள்ளி, படம் பிடித்து, சான்றிதழ் வாங்கி, தண்ணீர் எங்கே இறங்கும் என்று ஒருவரையும் கேட்காத அந்தச் சேவையின்மேல் கோபம். ஆண்டவர்மேலும் கோபம். எனக்கு இந்தக் குரலைக் கொடுத்தது கைதட்டல் வாங்கவா? எல்லாவற்றையும்விட என்மேல். நான் கட்டிய பழக்கம் அது; நல்ல பேச்சென்றால் கேட்டுவிட்டுக் கைதட்ட வேண்டும் என்று இந்த மண்டபத்தைப் பழக்கியவளே நான்தான்.

விளையாட்டுச் சாமான் அறைக்குப் பின்னால், ஓட்டுச் சரிவின் கீழ் ஒதுங்கினேன். ஜெபிக்க வாய் திறந்தேன். "அன்பின் சொரூபியே, அகிலத்தின்..." அதற்குமேல் ஓடவில்லை. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, வூட்ல தண்ணி வந்துகினு கீது. கொழந்த கீது. நான் அம்மாவ யாரோன்னு சொல்லிட்டேன்." அப்புறம் அழுதேன். அவ்வளவே என் ஜெபம்.

"இன்னாம்மே, கப்பு வாங்கிகினு அழுவுற? ரெண்டாவது பிரைஸா?"

ஏகாம்பரம். மழைக்கு ஒதுங்கியிருந்த கபடிக் குழு அவன் பின்னால் நின்றது. போட்டியைக் கேட்க அவர்கள் மண்டபத்துக்குள் வரவே இல்லை. நான் ஒரு சொல்லையும் அடுக்கவில்லை.

"நம்ம போட்ட கர எங்க தெருத் தண்ணிய மறிச்சிட்ச்சி. சுவரு வுழப்போவுது. அக்காவும் கொழந்தையும் உள்ள கீறாங்க."

"எது, நம்ம கேம்ப்ல போட்ட கரையா?"

"ஆமா. உங்க நைனாவாண்ட கேட்டேன். மாணவர்ங்க வந்தாத்தான் தொடலாம்னு சொல்ட்டாரு."

அவன் திரும்பிப் பார்த்தான். "டேய், நாம இன்னா மாணவருங்களா, மாடு மேய்க்கிறவங்களா?"

"மார்க்க பாத்தா ரெண்டாவதுதான்" என்றான் ஒருவன். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஏகாம்பரம் டிரில் மாஸ்டரிடம் சாவி கேட்டான். முகாமின் மண்வெட்டிகள் அந்த அறையில்தான் இருந்தன. அவர் சாவியை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் ஒண்ணும் பாக்கல. சாயங்காலம் எண்ணுவேன். ஒண்ணு கொறையக் கூடாது."

சைக்கிள்களில் மண்வெட்டிகளைக் கட்டிக்கொண்டு எட்டுப் பேர் மழையில் மிதித்தார்கள். எறிபந்தாடும் பெண்கள் இருவர் கூட வந்தார்கள். நான் ஒருத்தியின் பின்னால் அமர்ந்து போனேன். கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

கரையில் முதல் வெட்டு விழுந்ததும் ஏகாம்பரத்தின் தந்தை குடையோடு வந்துவிட்டார்.

"டேய்! எவன் கேட்டு வெட்றீங்கோ?"

"நைனா, நாங்க போட்ட மண்ணு. நாங்களே எடுக்குறோம். போர்டுல பாருங்க, இன்னா எழுதிகீது?"

அவர் பலகையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "ரெண்டு மொழம் அகலம். அதுக்கு மேல ஒரு கொத்து வுழக்கூடாது" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். வெட்டிய வாய் சரிந்துவிடாமல் எங்கே கல் வைக்க வேண்டும் என்றும் பிறகு அவரே காட்டினார்.

தெருத் தண்ணீர் இறங்கிய பழைய வாய் எங்கே இருந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தண்ணீருக்குள் நின்று, "இங்க இல்ல, ரெண்டடி தள்ளி" என்றது என் அம்மாவின் குரல். அவள் சொன்ன இடத்தில் வெட்டினார்கள். மண் இளகிற்று. தண்ணீர் முதலில் நூலாக, பிறகு கயிறாக, பிறகு ஒரே பாய்ச்சலாகக் கால்வாய்க்குள் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே கூவிற்று.

எறிபந்துப் பெண்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள்: "யாரு இவங்க? கரெக்ட்டா சொல்றாங்களே?"

"எங்க அம்மா" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பேசிகினு நிக்காத, கூடையப் புடி" என்றாள். பிடித்தேன்.

பிற்பகலுக்குள் தெருத் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. இரண்டு குடிசைகளின் சுவர்கள் விழுந்துவிட்டன. அவற்றில் இருந்தவர்கள் வெளியே நின்றதால் தப்பினார்கள். எங்கள் சுவர் நின்றது. அக்காவின் காய்ச்சல் நான்காம் நாள் விட்டது. பிள்ளை இந்தச் செய்தி எதுவும் தெரியாமல் பால் குடித்துக்கொண்டிருக்கிறது.

இது தற்செயல் என்று வெட்டிப் பேசச் சொன்னால் ஐந்து நிமிடம் தடையின்றிப் பேசுவேன். மழைக்கு ஒதுங்கிய பிள்ளைகள், கையெட்டும் தூரத்தில் மண்வெட்டி, இதில் தேவன் எங்கே என்று கேட்டு உங்களைத் திணறவைப்பேன். ஆனால் அன்று காலை முதல் நான் அழைத்த பெரியவர்கள் அத்தனை பேரும் கேட்டும் வரவில்லை. என் பேச்சைக் கேட்கவே விரும்பாதவர்கள் வந்தார்கள். அந்தப் பக்கம் பேச இனி என்னால் முடியாது.

பள்ளியின்மேல் எனக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை. அந்த முகாம் வெற்றி என்றே ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதிய மனுவுக்குப் பதிலில்லை. என் சான்றிதழும் வந்துவிட்டது, 'சிறப்பான தலைமை' என்ற குறிப்போடு. அதை வீட்டுப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முகாமுக்கு இடம் பார்க்கும்போது, தலைவி பொறுப்பைக் கேட்காமல், வேலை நடக்கும் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மேடையை நான் விடவில்லை. விடமாட்டேன். ஆனால் ஜெபத்தில் இப்போது என் வீட்டுப் பேச்சையே பேசுகிறேன். ஆராதனையில் சிலருக்கு ஏமாற்றம்தான்.

உங்களில் எவருக்கேனும் இன்று தண்ணீர் பாய்வரை வந்திருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள். உள்ளது உள்ளபடி, வாயில் வருகிறபடி சொல்லுங்கள். யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் கபடிக் குழு இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜெபவீட்டில் அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஏகாம்பரமும் அவன் தோழர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் வாருங்கள். மழை பெய்தாலும் வாருங்கள். எங்கள் தெருவில் இப்போது நடந்தே வரலாம்.

ஆண்டவருக்கே நன்றி.

உங்கள் சகோதரி,
ஜெயசீலி