மாமியார் பெயரில் ஒரு சிப்பி

தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்கு முன் வால் சார் அதன் மூடியைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்றுத் தடவுவார். வரிகளை எண்ணுகிறார். பேனா மூடி, டார்ச் லைட்டின் கழுத்து, எதையும் விடுவதில்லை. "பழக்கங்க. கை தானா போகுது" என்பார், பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்டவர் குரலில்.

அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில் சிப்பிப் பிரிவு அவருடையது, மீன் பிரிவு என்னுடையது. நடுவில் ஓர் இரும்பு அலமாரி. அவர் பிழைப்பு தந்தச் சிப்பி. யானைத் தந்தத்தைச் சுண்டுவிரல் நீளத்துக்குச் சுருக்கி உள்ளே குடைந்தெடுத்தது போலிருக்கும். அகன்ற பக்கம் தலை, அது மணலுக்குள். கூரான பக்கம் வால், அது மட்டும் கொஞ்சம் வெளியே. அந்த வாலில் எத்தனை வரி, நுனியில் பிளவு உண்டா என்று பார்த்துத்தான் இனம் பிரிக்க வேண்டும். தலைப்பக்கம் எண்ணினால் போச்சு. வளர வளர இடையிடையே புது வரிகள் முளைத்துவிடும். "வாலைப் பாத்தா தெரிஞ்சுடும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, ஆபீசில் அவருக்கு 'வால் சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன லென்ஸ். கழற்றித் தரவே மாட்டார். பார்க்க வேண்டுமென்றால் அவர் சட்டைப் பொத்தானில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்க்க வேண்டும். எங்கள் மேலதிகாரியும் ஒருமுறை அப்படித்தான் பார்த்தார்.

வால் சாரின் கல்யாணம் பெண் வீட்டை எதிர்த்து நடந்தது. மாமனார் இறந்தபிறகு மாமியார் வேறு போக்கிடமின்றி இவர்கள் வீட்டுக்கு வந்தார். வந்தும், மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார். அந்தச் சமயத்தில்தான் வாலில் நீளப் பிளவுள்ள சிப்பிகள் சில, ஆய்வுக் கப்பல் அள்ளிவந்த ஆழ்கடல் மண்ணில் கிடைத்தன. புது இனம். பெயர் வைக்கும் உரிமை கண்டவருக்கு. மனுஷன் மாமியார் பெயரை வைத்தார்.

அன்றைக்குச் சுவருக்கு ஓய்வு. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று நேராகவே கேட்டாராம். அதில் ஒரு சிப்பி கண்ணாடிக் குழாயில் டிவி பக்கத்தில் நிற்கிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைக்கூட நிறுத்தி, "என் பேருல கடல்ல ஒரு உயிர் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் மாமியார் அனுப்புவார்.

போன மாதம் அதே இடத்து மண் மறுபடி வந்தது. சலித்ததில் இந்த முறை குட்டிகளும் இருந்தன. குட்டிகளுக்குப் பிளவே இல்லை. கொஞ்சம் வளர்ந்ததில் லேசாக. பெரியதில் நீளமாக. வால் சார் நாள்கணக்கில் எண்ணினார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பியது. ஒரு மத்தியானம் ஸ்டூலை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

"புதுசு இல்லைங்க. எல்லா இடத்துலயும் கிடைக்கிற சாதாரணச் சிப்பிதான். வயசானா வால் தேஞ்சு கிழியுது. நான் கிழவிங்களை மட்டும் பாத்துட்டு தனி இனம்னு எழுதிட்டேன்."

சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"பேசாம விட்டுடுங்களேன் சார். யாரு கேக்கப்போறா?"

"கேக்க மாட்டாங்க. நம்பிடுவாங்க. அதான் முடியலை." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "நான் சொன்னது தப்புன்னு எழுதி அனுப்பறதுக்கு முன்னாடி வீட்டுல சொல்லணும். நீங்களும் வாங்க. வெளியாள் இருந்தா கொஞ்சம் மெதுவா திட்டுவாங்க."

மாமியார் சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஹாலில் சோபா காலியாகத்தான் கிடந்தது. வால் சார் நின்றபடியே சொல்லி முடித்தார். கிழவி என்ற சொல்லை மட்டும் கவனமாக விட்டுவிட்டார்.

"அப்ப என் பேரை எடுத்துடுவாங்களா?"

"எடுக்க மாட்டாங்க அத்தை. அந்தச் சிப்பிக்கு ஏற்கெனவே இருக்கிற பேருக்குக் கீழ சின்ன எழுத்துல இருக்கும்."

மாமியார் ஒரு துண்டை நாலாக மடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

"இந்த வீட்டுல நான் இருக்கிற மாதிரி" என்றார்.

சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தே சொன்னார். எனக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் போலிருந்தது.

வால் சார் போய்க் குழாயை எடுத்துவந்தார். சிப்பியை உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டு, மாமியாரின் நாற்காலியருகே தரையில் உட்கார்ந்தார். மறு கையால் கழுத்துக் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கினார். பழக்கமில்லாததால் அது காதில் மாட்டிக்கொண்டது. மெல்ல விடுவித்து, லென்ஸை மாமியாரின் கையில் வைத்தார்.