இருமல் இல்லாமல் குடித்த இருமல் மருந்து

மருந்துக் கடையில் அவளுக்குப் பெயர் கையெழுத்தம்மா. டாக்டர் எப்படிக் கிறுக்கிக் கொடுத்தாலும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். "கோழி கிளறின மாதிரி இருக்கு, உங்களுக்கு மட்டும் எப்படிம்மா புரியுது?" என்று கேட்டால், "பதிமூணு வருஷமா இந்தக் கோழிங்களைத்தானே மேய்க்கிறேன்" என்பாள். முதலாளிக்கே பிடிபடாத சீட்டு அவள் பக்கம்தான் தள்ளப்படும்.

கல்யாணமாகிப் பத்து வருஷம். குழந்தை இல்லை. முதல் நான்கு வருஷம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், இப்போது கடையில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. பால் புட்டியும் பிள்ளைகளுக்கான ஜுர மருந்தும் எடுத்துக் கொடுக்கும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பக்கத்துத் தெரு டீச்சர் ஒருத்தி மாதம் தவறாமல் இருமல் மருந்து வாங்கிப் போவாள். ஒரு தடவைகூட இருமி இவள் பார்த்ததில்லை.

"இன்னுமா டீச்சர் சளி விடல?" என்று ஒருநாள் கேட்டாள்.

டீச்சர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "சளிக்கு இல்லக்கா. இது கபத்தை இளக்கும்ல? அதே மாதிரி கர்ப்பப்பை வாசல்லயும் இளக்கி விடுமாம். அணு சுலபமா உள்ள போயிடுமாம். போன்ல படிச்சேன்."

கையெழுத்தம்மாவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. நெஞ்சுச் சளிக்குக் கொடுத்தது எங்கே போய் வேலை செய்யுமாம்! ஆனால் நாலு மாதம் கழித்து அதே டீச்சர் இரும்புச்சத்து மாத்திரைச் சீட்டோடு, வயிறு லேசாகத் தெரிய வந்து நின்றாள். சிரித்த வாய் மூடிக்கொண்டது. அன்று சாயங்காலமே அலமாரியில் தேடினாள். கபம் இளக்கும் மருந்து மட்டும் உள்ள பாட்டில் தீர்ந்துபோயிருந்தது. அதோடு மூக்கொழுகலுக்கான மருந்தும் சேர்ந்த பாட்டில்தான் இருந்தது. இல்லாத சரக்கைக் கேட்டு வருகிறவர்களிடம், "அதேதாங்க, கம்பெனிதான் வேற" என்று வேறொன்றைத் தள்ளிவிடுவது கவுண்ட்டர் பழக்கம். அதையே தனக்கும் சொல்லிக்கொண்டு பையில் போட்டாள். கூட ஒரு மருந்து இருந்தால் என்ன குடியா முழுகிவிடும்?

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவளுடைய பரிசோதனைகள் எல்லாம் என்றோ முடிந்து, குறை ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டன. அவர் மட்டும் பிடி கொடுப்பதில்லை. "எனக்கு என்ன குறை? பத்து மாடி படியேறிப் போய் வேலை பார்க்கறவன்டி" என்று எகிறுவார். இந்த மருந்து விஷயத்தைச் சொன்னபோது எகிறவில்லை. பாட்டிலை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மூடியில் கோடு வரைக்கும் ஊற்றித் தானே கொடுத்தார். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கையிலிருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டு அவர் செய்கிற முதல் காரியம் அதுதான். இந்தப் பத்து வருஷத்தில் மனுஷன் இவ்வளவு இறங்கி வந்ததே இல்லை என்று அவள் பூரித்துப்போனாள்.

மூன்றாவது மாதம் பகலிலேயே தூக்கம் சொக்கியது. "கையெழுத்தம்மா, கடையை மூட இன்னும் நாலு மணி நேரம் இருக்கு" என்று முதலாளி கேலி செய்தார். நாளும் ஒன்பது தள்ளிப்போயிருந்தது. டீச்சருக்கு ஆனது தனக்கும் ஆகிவிட்டது என்றே முடிவு கட்டினாள். கடையிலிருந்தே கர்ப்பச் சோதனை அட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குளியலறைக்குப் போனாள். ஒரே கோடு. இன்னொன்று எடுத்தாள். அதிலும் ஒரே கோடு. கதவைத் தாழிட்டபடி, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய்ப் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

"மருந்துக் கடையில இருந்துட்டு நீங்களே இப்படிப் பண்ணலாமாம்மா?" என்றார் டாக்டர். "இதுல ஒண்ணு இளக்கும், இன்னொண்ணு உலர்த்தும். தூக்கம் வந்தது அந்த உலர்த்தற மருந்தாலதான். இளக்கற மருந்தைத் தனியாக் குடிச்சாலும் குழந்தை நிக்கும்னு சொல்ல உறுதியான ஆதாரம் கிடையாது."

"அந்த டீச்சருக்கு நின்னுச்சே?"

"இது இல்லாமலும் நின்னிருக்கலாம்."

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து முடிவைப் பார்த்தவர் குரலைத் தணித்துக்கொண்டார். "கருமுட்டை இருப்பு ரொம்பக் கம்மியாயிடுச்சும்மா. நாள் தள்ளிப்போனதும் அதனாலதான். உங்களுக்கு முப்பத்தொன்பது. ஒரு மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா எவ்வளவோ செஞ்சிருக்கலாம். இனிமே ஒரு நாளைக்கூட வீணாக்காதீங்க. முதல்ல வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் கணவர் கை கழுவிவிட்டு வந்து, வழக்கம்போல மூடியை எடுத்தார்.

"அது இனிமே வேண்டாம்," என்றாள். "நாளைக்கு என்கூட வாங்க. ஒரே ஒரு டெஸ்ட். உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன்."

கத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவர் மூடியைக் கீழே வைத்தார்.

"டெஸ்ட் வேண்டாம். எடுத்தாச்சு."

"எடுத்தாச்சா? என்ன சொன்னாங்க?"

"அணுவே இல்லன்னாங்க. ஒண்ணுகூட இல்லையாம்."

"எப்ப எடுத்தீங்க?"

"மூணு வருஷம் இருக்கும். உன்கிட்ட சொல்லிடணும்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். முடியல."

"தெரிஞ்சுதான் தினமும் ஊத்திக் கொடுத்தீங்களா?"

"நீ அவ்வளவு ஆசையாச் சொன்னே. என்னால முடிஞ்சது அதாவது செய்வோம்னு..."

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கை எழவில்லை. "எனக்கு அப்ப முப்பத்தாறு," என்றாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வழியுமில்லை, டாக்டர் சொன்னதை அவள் இன்னும் சொல்லவே இல்லையே. எதிரே உட்கார்ந்து, கவுண்ட்டரில் வயதானவர்களுக்கு மாத்திரை விவரம் சொல்லும் அதே நிதானத்தோடு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். முட்டை இருப்பு, வயசு, மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்பது. சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழத் தொடங்கியிருந்தார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.