கப்பல் இங்கிலீஷ்

காரைக்கால் என்று சொன்னதும் "அப்ப பிரெஞ்சு பேசுவீங்களா?" என்று கேட்காத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. தெரியாது என்றால் நம்ப மாட்டார்கள். "சும்மா ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன், கேக்கவே அழகா இருக்கும்" என்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய கட்டடங்களின் நெற்றியில் எழுதியிருப்பதுதான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு. அதையும் எப்படி வாசிப்பது என்று தெரியாது.

இப்போது வேலை பார்க்கும் ஊரில் என்னோடு அறையில் மூன்று பேர் தங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், உலகத்திலேயே கேட்க இனிமையான மொழி எது என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவன் மலையாளம் என்பான். ஒருவன் இத்தாலியன் என்பான். இத்தாலிக்காரர் ஒருவரைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை. கோயம்புத்தூர்க்காரனுக்குத் தன் ஊர்த் தமிழைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல். ஒரு மணி நேரம் அடித்துக்கொண்ட பிறகு மூவரும் என் பக்கம் திரும்பி, "நீ பேசறதுதான்டா சண்டை போடற மாதிரியே இருக்கு" என்று ஒற்றுமையாகிவிடுவார்கள். நான் வாளியை எடுத்துக்கொண்டு துணி துவைக்கப் போய்விடுவேன். இந்தப் பஞ்சாயத்தை வேண்டிய மட்டும் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

மண்டபத்தூரில் எங்கள் வீட்டில் ஒரு வயர்லெஸ் இருந்தது. எங்கள் போட்டும் சித்தப்பா போட்டும் இன்னும் இரண்டு பேருடைய போட்டுமாக நான்கு ஃபைபர் போட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கியது. கடலில் நால்வரிடமும் கையடக்கமான கருவி ஒன்று இருக்கும். கரையில் பெரிய கருவி எங்கள் வீட்டு அலமாரியில், லாரி பேட்டரியின் மேல் உட்கார்ந்திருந்தது. ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுவது போல அதில் நம்பர் மாற்றலாம், நான்கு போட்டுக்கும் எழுபத்திரண்டாம் நம்பர். அந்த நம்பரிலேயே அது கிடக்க வேண்டும். போட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் அம்மா மைக்கை எடுத்துப் பதில் சொல்வாள். டீசல் வாங்கி வை, ஐஸ் சொல்லி வை, இன்றைக்குக் கரையில் என்ன விலை என்று எல்லாச் செய்தியும் அவள் வழியாகத்தான் போகும். அம்மா பள்ளிக்கூடமே போகாதவள். எண்கள் மட்டும் அவளுக்குத் தெரியும்.

அந்தக் கருவியால்தான் எங்கள் வீட்டில் சண்டை வந்தது. காற்று நன்றாக இருக்கும் நாட்களில் எங்கெங்கிருந்தோ பேச்சு அதில் வந்து விழும். ஆந்திரா போட்டுக்காரர்களின் தெலுங்கு, கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழ், எப்போதாவது அக்கரை யாழ்ப்பாணத் தமிழ். கேட்டதும் எது அழகு என்று தொடங்கிவிடுவார்கள். சித்தப்பா நாலு வருஷம் கொச்சியில் போட்டுக்குப் போய்விட்டு வந்தவர்.

"மலையாளத்துல திட்டுனாக்கூட தாலாட்டு மாதிரி இருக்கும் அண்ணி" என்பார்.

"அப்ப அங்கேயே இருந்திருக்க வேண்டியதுதான?" என்பாள் அம்மா.

"திட்டிக்கிட்டேல்ல இருந்தானுவோ. அதான் வந்துட்டன்."

அம்மாவுக்குப் பிறந்த ஊர் கோட்டுச்சேரிமேடு. சைக்கிளில் கிளம்பினால் வியர்ப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் அந்த ஊர்ப் பேச்சுக்கும் எங்கள் ஊர்ப் பேச்சுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்பது அவள் கட்சி. "எங்கூர்ல வான்னா வாம்பாங்க. இஞ்ச அந்த 'வா'வ இழுத்து முடிக்கறதுக்குள்ள ஆளே வந்து நின்னுடும்" என்பாள். அதற்குச் சித்தப்பா, "அண்ணி பேசினா வயர்லெஸ்ஸே வேணாம், அப்புடியே கடலுக்குக் கேக்கும்" என்பார். அப்பாவிடம் தீர்ப்புக் கேட்டால் வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "பேட்டரி எறங்குனா எல்லாப் பேச்சும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணியைப் பார்ப்பார்.

எனக்கு இவர்கள் எல்லோர் மேலும் எரிச்சல். வீட்டில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். இரண்டு அறை வீட்டில், கத்தலுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறவனும் நான்தான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர், எங்கள் தெருப் பிள்ளைகள் வாயைத் திறந்தாலே, "கடல்ல நின்னுக்கிட்டா பேசுற? நான் பக்கத்துலதான இருக்கேன்" என்பார். வகுப்பே சிரிக்கும். அதற்குப் பிறகு வீட்டில் யார் பேசினாலும் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் காதில் விழுந்தது.

ஆகவே எனக்கென்று ஒரு கட்சி வைத்துக்கொண்டேன். பதினாறாம் நம்பர். தெற்கே துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் பேசிக்கொள்ளும் நம்பர் அது. பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன், அம்மா குழாயடியில் இருக்கும் நேரம் பார்த்து அதில் திருப்பி வைத்துக் கேட்பேன். அங்கே யாரும் கத்த மாட்டார்கள். ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் தொடங்குவார். அதிலும் ஒரு குரல் அடிக்கடி வரும். எந்த நாட்டுக்காரரோ, தெரியாது. அடித்தொண்டையில், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையையும் துடைத்து வைப்பது மாதிரி பேசுவார். உலகத்திலேயே அழகான பேச்சு அதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். புரிந்த வாக்கியங்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். பிறகு நம்பரை எழுபத்திரண்டுக்கே திருப்பி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்.

கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை. மழை விட்டு வாடைக் காற்று வீசிக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் வலை கிழிந்து அவர் கரையில் இருந்தார். மற்ற இரண்டு போட்டுக்காரர்களும் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் இரண்டு ஆட்களோடு கடலுக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு ஏலத்துக்குப் போக வேண்டியிருந்தது.

"பக்கத்துலேயே ஒக்காந்துரு. அப்பா கூப்புட்டா சித்தப்பாட்ட ஓடிச் சொல்லு. நம்பர மாத்துன, கைய ஒடிச்சிடுவன்" என்று சொல்லிவிட்டுக் கூடையோடு போனாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் நான் பதினாறுக்குத் திருப்பினேன். சனிக்கிழமை, பள்ளி இல்லை, காலைப் பொழுது முழுவதும் என்னுடையது. நல்ல வேளையாக அந்த அடித்தொண்டைக் குரலும் வந்தது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பேன். அப்போது, அந்த அமைதியான இங்கிலீஷின் நடுவில், யாரோ கதவை உதைத்துத் திறந்த மாதிரி ஒரு சத்தம்.

"டேய் தம்பி. தம்பி. அப்பா பேசறன்டா. இருக்கியா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எழுபத்திரண்டில் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும், அது நம் வீடு. இங்கே வந்து, கப்பல் கேப்டன்களெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்! அடித்தொண்டைக் குரல், கூப்பிடுவது யார் என்று இங்கிலீஷில் கேட்டது. மறுபடியும் கேட்டது. அப்பா இன்னும் சத்தமாக, சத்தம் போட்டால் மொழி புரிந்துவிடும் என்பது போல, பதில் சொன்னார்:

"எம் மவன கூப்புடுறன் சார். இஞ்சதான் கேட்டுக்கிட்டு இருப்பான். தம்பி..."

நான் சத்தத்தைக் குறைத்தேன். ஒரேயடியாகக் குறைத்தேன். அவர் என்ன சொல்லக் கூப்பிட்டார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் அந்தப் பையனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மிக நல்ல பிள்ளையாக வீட்டுப்பாடம் போட ஆரம்பித்தேன். ஏழு கணக்கு போட்டேன்.

அம்மா வந்தபோது கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்டாள்: "அப்பா பேசினாங்களா?"

"இல்லம்மா."

கருவியைப் பார்த்தாள். சிவப்பில் எரிந்த பதினாறைப் பார்த்தாள். சத்தத்தைக் கூட்டினாள். அப்பாவின் குரல் வந்தது. அது குரலாகவே இல்லை, சருகு மாதிரி இருந்தது. "தம்பி... தம்பி..." என்று மட்டும், நேரம் விட்டு நேரம், சலிக்காமல் வந்துகொண்டிருந்தது.

அம்மா மைக்கைப் பிடுங்கினாள். "இருக்கன், நான் இருக்கன். சொல்லுங்க."

"எஞ்சின் நின்னுபோச்சி. நங்கூரமும் அறுந்துபோச்சி. நேரா தெக்க இழுத்துக்கிட்டுப் போவுது. கப்பல் வர்ற வழியில கெடக்கறம். ஒங் கொழுந்தன அனுப்பு."

அப்போது அடித்தொண்டைக் குரல் நடுவில் ஏதோ சொல்லத் தொடங்கியது. அம்மா, "கொஞ்சம் சும்மா இருங்கய்யா, எங்க வூட்டுக்காரவங்க பேசுறாங்கல்ல" என்றாள். குரல் நின்றுவிட்டது. எங்கே கிடக்கிறார்கள், எத்தனை பாகம் ஆழம், கரையில் எது தெரிகிறது என்று வரிசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, வாசலுக்குப் போய்ச் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். சித்தப்பா சொன்னது சரிதான், அந்தக் குரலுக்கு வயர்லெஸ் தேவையில்லை. தெருவின் மறுகோடியிலிருந்து அவர் ஓடிவந்தார். ஐந்து நிமிடத்தில் அவர் போட்டை நாலு பேர் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்த அம்மா மைக்கை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இங்கிலீசுல சொல்லு. அந்தக் கப்பல்காரன்ட்ட. வழியில போட்டு கெடக்கு, பாத்து வரச் சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாற்பது வாக்கியமாவது இருந்திருக்கும். ஒன்றில்கூட அப்பா இல்லை. அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். பொத்தானை அமுக்கினேன்.

"சார்! மை ஃபாதர் போட்! நோ எஞ்சின் சார்! கமிங் ஷிப் வே! ப்ளீஸ் சீ சார்!"

கடலில் நின்றுகொண்டு கத்துகிறவனுடைய சத்தம் அது. அத்தனை நாளும் நான் பழகி வைத்திருந்த குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒரே இரைச்சல். பிறகு அந்தக் குரல், சின்ன போட்டு, எஞ்சின் இல்லை, வழியில் கிடக்கிறது, புரிந்தது என்று நான் சொன்னதையே மெதுவாக, எனக்காகவே மெதுவாகச் சொல்லி, மற்ற கப்பல்களுக்கும் ஒரு முறை சொல்லியது. நான் மைக்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அழுதேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்குமேல் சித்தப்பாவின் போட்டு அப்பா போட்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. ஒரு கப்பல் இவர்களைக் கண்டு ஒதுங்கிப் போனதாக ஆட்கள் சொன்னார்கள். அதன் பக்கச் சுவர் எவ்வளவு உயரம் என்று காட்ட, கரையில் நின்று அண்ணாந்து காட்டினார்கள். அப்பாவுக்குத் தொண்டை முழுக்கக் கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து சுக்கு போட்ட வெந்நீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மா அப்போதுதான் ஆரம்பித்தாள். "நம்பர மாத்தி வச்சது யாருன்னு கேளுங்க அவன."

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா டம்ளரை இறக்கி, காற்றாக வந்த குரலில் சொன்னார்: "நான்தான். காலைல போவும்போது திருப்பிட்டன் போலருக்கு."

அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுப்பங்கரையில் பாத்திரங்களின் மேல் கோபத்தைக் காட்டினாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இந்த மனிதருக்கு எவ்வளவு ஞாபக மறதி என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாதான் சும்மா இருக்காமல் என்னைச் சீண்டினார்.

"ஏன்டா, கப்பல்காரன்ட்ட இங்கிலீசு பேசுனது நீயா? ஏலம் வுடறவன் மாதிரில்ல இருந்திச்சி. தெனம் காலைல அந்த நம்பர்ல ஒரு பொடிப் பய வருவான். குட் மார்னிங் சார், குட் டே சார்னு ரெண்டே வார்த்த. அதுல்ல இங்கிலீசு! எந்தக் கப்பல்ல உள்ள வெள்ளக்காரன் வூட்டுப் புள்ளையோ. ஒங்கப்பா வலைய எறக்கிட்டு அதுக்குன்னே நம்பரத் திருப்பிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. நாங்க கூப்புட்டா ஆளு கெடைக்க மாட்டாரு. அந்தப் பய வந்து சொல்லிட்டுப் போனாத்தான் வலையில கைய வைப்பாரு. என்னண்ணே, இல்லைங்கிறியா?"

அப்பா வெந்நீரை ஊதிக்கொண்டிருந்தார்.

தினமும் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன், வாசலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, பொத்தானை அமுக்கி, அடித்தொண்டையில் அந்த இரண்டு வாழ்த்தையும் சொல்லிவிட்டு மைக்கை மாட்டிவிடுவது என் வழக்கம். கப்பல்களைத் தவிர யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வெள்ளைக்காரன் வீட்டுப் பிள்ளை என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார். மலையாளமும் இல்லை, கோட்டுச்சேரிமேடும் இல்லை, அப்பாவுக்கும் கப்பல் இங்கிலீஷ்தான் பிடித்திருக்கிறது. இத்தனை நாள் வாயைத் திறக்காமல் அவரும் என் கட்சியில்தான் இருந்திருக்கிறார்.

அந்தப் பையன் நான்தான் என்று தெரிந்தால் பாவம், ஏமாந்துபோவார் என்று தோன்றியது. அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன். எஞ்சினைச் சரிசெய்து அப்பா மறுபடி கடலுக்குப் போன அன்று காலையில் இன்னும் கொஞ்சம் அழகாகச் சொன்னேன்.