பஜ்ஜி வண்டி பொன்னியம்மாள்

டீசல் தட்டுப்பாட்டு வருஷம் அது, எழுபத்து நாலு. ஒருநாள் காலையில் டீசல் பங்க்கில் வரிசை நகரவே இல்லை. குறுக்கே புகுந்த ஒரு லாரிக்காரனிடம் தர்மன் வாய் கொடுத்தான். லாரிக்காரன் கையிலிருந்த தகர டின்னாலேயே அவன் முகத்தில் அடித்தான். முன்பல் ஒன்று போய், சட்டையெல்லாம் ரத்தமாக ஓரிக்கையிலிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான் தர்மன்.

"இனிமே அந்த பங்க் பக்கமே போவ மாட்டேன்."

"அப்ப வண்டி எதுல ஓடும்?" என்றாள் அவன் மனைவி பொன்னியம்மாள்.

"எண்ணெயில ஓடும்."

அடி தலையிலும் பட்டிருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

தர்மன் கூரத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் ஊரான் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவன் பம்ப்செட் என்ஜின் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு, பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி, கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றி மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். கோபம் வந்தால் கை நீளும். பொன்னியம்மாள் அந்தக் கைக்குப் பழகியிருந்தாள் என்று சொல்லக்கூடாது. அடி விழுந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு போடமாட்டாள், அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

டீசல் கிடைக்காத ஒரு கோடையில் யாரோ பம்ப்செட்டில் கடலை எண்ணெய் ஊற்றி நீர் இறைத்ததை தர்மன் பார்த்திருந்தான். நல்ல எண்ணெய்க்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பலகாரக் கடைகளில் வடையும் பஜ்ஜியும் சுட்டுச் சுட்டுக் கறுத்துப்போன எண்ணெய் இருந்தது. அதை வாங்கி வந்தான். பின்கட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு, மூன்று கல் வைத்து, கல்யாணச் சமையல் இரும்புக் கொப்பரையை ஏற்றினார்கள். எண்ணெயில் கலந்திருக்கும் தண்ணீர் போகும்வரை காய்ச்ச வேண்டும். ஆறியபின் பழைய வேட்டியில் வடிகட்டி, கிடைக்கிற டீசலைக் கொஞ்சம் கலக்க வேண்டும். வண்டி இருமியது, கறுப்பாகப் புகைந்தது, ஆனால் ஓடியது. போகிற தெருவெல்லாம் பலகாரக் கடை வாசம். "பஜ்ஜி வண்டி" என்று பேர் விழுந்தது.

பகலெல்லாம் அவன் ஓட்டப் போய்விடுவதால் காய்ச்சுவது பொன்னியம்மாள் வேலையானது. ஈரமுள்ள எண்ணெய் படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் அடங்கும்வரை அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே கிளறுவாள். கையிலும் கழுத்திலும் பொட்டுப் பொட்டாகக் கொப்புளம்.

அதே எண்ணெயை நம்பி இன்னொருவர் இருந்தார். பிள்ளையார்பாளையத்தில் சவுக்காரம், அதாவது சோப்பு, காய்ச்சும் குமாரசாமி. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுமுன் சவுக்காரத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுப்பார்கள். சாயப்பட்டறைகளுக்கெல்லாம் கட்டிச் சவுக்காரம் அவருடைய கொட்டகையிலிருந்துதான் போனது. கடைகளின் பழைய எண்ணெய் தர்மன் கைக்கு மாறியதும் அவர் அடுப்பு வாரக்கணக்கில் எரியவில்லை. அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

முதலில் எண்ணெயை விட்டுவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். தர்மன் கேட்கவில்லை. பிறகு செவிலிமேட்டுச் சாலையில் வண்டியை மறித்தார்கள். அவரிடம் வேலை செய்த முருகேசன் தர்மனைக் கீழே இழுத்துப் போட்டு விலாவில் மிதித்தான். வண்டியிலிருந்த எண்ணெய்ப் பீப்பாயைக் கடப்பாரையால் குத்தினான். எண்ணெய் சாலையெங்கும் ஓடியது. தர்மன் தவழ்ந்துபோய் ஜாக்கி ராடை எடுத்து வீசினான். பீப்பாயைப் பிடித்திருந்த முருகேசனின் இடதுகையில் இரண்டு விரல்கள் நசுங்கின.

வைகாசி கருட சேவையன்று காலையில் ஓரிக்கை ஜனமெல்லாம் பெருமாளைப் பார்க்க ஊருக்குள் போயிருந்தது. திருவிழாக் கடைகளில் மிஞ்சிய எண்ணெய்க்காக தர்மனும் போயிருந்தான். பொன்னியம்மாள் மட்டும் கொட்டகையில் நின்று கிளறிக்கொண்டிருந்தாள். கொப்பரை நிறைய எண்ணெய். படபடப்பு அடங்கி, நல்ல சூடு ஏறியிருந்தது.

படலைத் தள்ளிக்கொண்டு குமாரசாமியும் முருகேசனும் வந்தார்கள்.

"எங்கம்மா உன் புருஷன்?"

"ஊருக்குள்ள போயிருக்காரு."

"நல்லதாப் போச்சு. முருகேசா, அதைக் கவுத்துப் போடு."

அவள் நீளக் கரண்டியில் எண்ணெயை மொண்டு தூக்கிப் பிடித்தாள். "கிட்ட வந்தே, மூஞ்சியில ஊத்திடுவேன்!"

முருகேசன் கையிலிருந்த கழியால் அவள் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். கரண்டி தெறித்து விழுந்தது. அடுத்த அடி தோளில். அவள் விறகுக் குவியல்மேல் சாய்ந்தாள். காய்ந்த கொப்பரையை அவனால் தொட முடியவில்லை. ஓரத்திலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கினான்.

"வேணாம்ணா! அதுல தண்ணி ஊத்தாதே! ஊத்தாதே!"

"நெருப்பு போச்சுன்னா கொழுப்பும் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே அவன் குடத்தைக் கொப்பரைமேல் கவிழ்த்தான்.

இடி விழுந்தாற்போலச் சத்தம். எண்ணெய் சுவர்போல எழும்பி அவன் முகத்திலும் மார்பிலும் விழுந்தது. வழிந்தது அடுப்பில் இறங்க, தீ ஒரே வீச்சில் கீற்றைப் பிடித்தது. பொன்னியம்மாளின் வலக்கை முழங்கையிலிருந்து விரல்வரை வெந்தது. குமாரசாமி திரும்பிப் பார்க்காமல் ஓடினார்.

அவளும் ஓடியிருக்கலாம். ஆனால் கண் தெரியாத முருகேசன் வாசல் என்று நினைத்துத் தீயின் பக்கமே ஊர்ந்துகொண்டிருந்தான். அவன் கத்தவில்லை, தொண்டையிலிருந்து விசில்போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். தோல் உரிந்து அவள் கையோடு வந்தது. பிறகு அரைஞாண் கயிற்றைப் பிடித்து, தரையோடு தரையாக வெளியே இழுத்துப் போட்டாள். கொட்டகை பின்னால் இடிந்து விழுந்தது.

புகையைப் பார்த்து தர்மன் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தான். கிடப்பது யாரென்று அவனுக்குத் தெரிந்தது இடதுகை விரல்களால்தான். ஜாக்கி ராடை எடுத்தான்.

"தூக்கு. வண்டியில போடு" என்றாள் அவள்.

"இவனையா? கெடந்து சாவட்டும்!"

"நீ தூக்கலேன்னா நான் தூக்குறேன்."

தர்மன் அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் அசையவில்லை. வெந்த கையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, மற்ற கையால் முருகேசனின் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அப்போதுதான் தர்மனுக்கு அவள் கை கண்ணில் பட்டது. ராடைக் கீழே போட்டுவிட்டு முருகேசனைத் தூக்கினான்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் கருட சேவைக் கூட்டம். ஹாரன் சத்தம் கேட்டு, "டேய், பஜ்ஜி வண்டி வருதுடா!" என்று சில இளவட்டங்கள் சிரித்தார்கள். எட்டிப் பார்த்த ஒருவன் அங்கேயே வாந்தி எடுத்தான். அதன்பிறகு தானாகவே வழி விட்டார்கள்.

அவளைக் கட்டிலில் சேர்த்ததும் தர்மன் நேராகப் பிள்ளையார்பாளையம் போனான். குமாரசாமி சவுக்காரக் கொட்டகையில் ஒளிந்திருந்தார். அவருடைய இரண்டு முழங்கால்களையும் தர்மன் அடித்து நொறுக்கினான். சாயப்பட்டறை ஆட்கள் வந்து பிடித்தபோது அவன் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தான்.

பொன்னியம்மாள்தான் எண்ணெயை வீசினாள் என்று குமாரசாமி போலீசில் சொன்னார். முருகேசன் மூன்றாம் நாள் செத்துப்போனான். சாகுமுன் மாஜிஸ்திரேட்டிடம், "நான்தான் தண்ணி ஊத்துனேன். ஊத்தாதேன்னு அந்தம்மா கத்துச்சு. எனக்கு வெளங்கல" என்று சொல்லியிருந்தான். அந்தச் சொல்தான் அவளைக் காப்பாற்றியது.

முருகேசன் மனைவி இந்திராணி பெண்கள் வார்டுக்கு வந்தாள். கட்டுப்போட்ட கைமீதே ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"இழுத்துப் போட்டியாமே! அவன் குடத்தைத் தூக்குறப்ப எழுந்து வந்து புடிச்சிருக்கக் கூடாதாடி?"

பொன்னியம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். தோளில் அடிபட்டதால் எழ முடியவில்லையா, எழ மனமில்லையா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

தர்மன் வேலூர் ஜெயிலிலிருந்து திரும்பியபோது அவள் ஏனாத்தூர் அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் வேலையில் இருந்தாள். வலக்கை விரல்கள் பாதிக்குமேல் மடங்காது. வந்த வாரமே அவன் இரண்டு டின் பழைய எண்ணெயோடு வந்து, எரிந்த இடத்தில் மறுபடியும் கல் வைத்தான். அவள் இரண்டு டின்னையும் காலால் தள்ளிக் கவிழ்த்தாள்.

அவன் கையை ஓங்கினான்.

"அடி" என்றாள். "உன் கையால ஒருத்தன் நொண்டியாயிட்டான். என் அடுப்புல ஒருத்தன் வெந்துட்டான். இன்னும் யாரு வேணும் உனக்கு?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் எண்ணெய் ஊறிய மண்ணில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். அவள் பக்கத்தில் போகவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அதே ஆலையில் அவனும் லாரி ஓட்டினான். அதன்பிறகு அவளை அவன் அடித்ததாக யாரும் பார்க்கவில்லை. பொன்னியம்மாள் எதற்கு ஊருக்குள் போனாலும் முருகேசன் வீடிருந்த தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.